அல்லது

ஜூலை. லாட்கலேயில் மழை விட்ட மறுநாள்.
கூட்டுப்பண்ணைப் பார்லிக்கு நடுவே
மரச்சட்டத்தைப் போட்டோம்,
மீட்டருக்கு மீட்டர்.
உள்ளே முளைத்தவை என் கணக்கு.
ஒரு விரல் தள்ளி நிற்பவை
யார் கணக்கிலும் இல்லை.

அன்டோன்ஸ் சவிட்ஸ்கிஸ் டிராக்டரை அணைத்துவிட்டுக்
குந்தினான் சட்டத்தின் ஒரு மூலையில்.
எழுதிக்கோ, என்றேன்.
வயது நாற்பது. கையெழுத்துக்கு இன்னும் பத்து.

தண்டு நாற்பட்டை.
விரலிடையில் உருட்டினால் உருளாது,
படுத்துப் படுத்து எழும்.
கணுவுக்குக் கீழே வீக்கம்,
எதையோ விழுங்கிவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டதுபோல.
அங்கேதான் முள்மயிர் அதிகம், எல்லாம் கீழ்நோக்கி.
இலை எதிரெதிர், ஓரமெல்லாம் பல்.
பூ மேற்கணுக்களில் வளையம் வளையமாக.
புல்லிக்கு ஐந்து ஊசி.
அல்லிக்கு இரண்டு உதடு.
கீழுதட்டின் அடியில் உள்ளீடற்ற இரண்டு புடைப்பு:
கன்றுக்குக் கொம்பு வருமுன்
நெற்றியில் தட்டுப்படுமே, அப்படி.
அது இருந்தால் கலியோப்சிஸ்.
மீதியை யோசிக்கவே வேண்டாம்.

ஊரில் இதற்கு அக்லிஸ் என்று பெயர்.
காஞ்சொறி இலைதான், ஆனால் கொட்டாது;
அதனால் குருடு என்கிறார்கள்.
கொட்டாது என்பவர்கள்
ஆகஸ்டில் வெறுங்கையால் கதிர்க்கட்டு கட்டாதவர்கள்.
காய்ந்த பிறகு
ஒவ்வொரு புல்லியும் ஒரு சண்டைக்காரி.

ஓராண்டுச் செடி.
அது புத்தகத்தின் பேச்சு.
புல்லிக் கிண்ணத்தில் நாலு கொட்டை,
செடி செத்தும் உட்கார்ந்திருக்கும், பிறகு உதிரும்.
மண்ணுக்குள் எத்தனை பனிக்காலம் புரண்டு படுத்தது என்று
எந்தப் படிவமும் கேட்பதில்லை.

முப்பத்தேழு வரை தடையில்லை.
பெரிய பூ, மஞ்சள், கீழுதட்டில் ஊதா: ஸ்பெசியோசா.
அல்லது
தண்டில் மெத்தென்ற மயிர், பூ சிவப்பு: புபெசென்ஸ்.
அல்லது
அந்த இரண்டும் எந்தக் காலத்திலோ, எந்த வரப்போரத்திலோ கலந்து
குரோமோசோம்களை இரட்டித்துக்கொண்டு பிறந்த டெட்ராஹிட்,
பெற்றவர்களைவிட அதிகமாய் ஊர்சுற்றுவது.

முப்பத்தெட்டாவது
மஞ்சளாகத் தொடங்கிப் பாதியில் மனம் மாறியிருந்தது.
மெத்தென்ற மயிரும் இருந்தது, முள்ளும் இருந்தது.
பூ சிறிதுமில்லை, பெரிதுமில்லை.
திறவுகோலில் ஒன்றாம் எண்ணிலிருந்து மறுபடி இறங்கினேன்.
அல்லது. அல்லது.
மூன்று முறை.
எல்லா அல்லதும் என்னைப் பார்லிக்குள் விட்டுவிட்டுப் போயின.

"ரெண்டுல ஒண்ணு சொல்லு," என்றான் அன்டோன்ஸ்,
பென்சிலை நாக்கில் தொட்டு.
பிறகு அவனாகவே சிரித்தான்.
"பதினாறு வயசுல கடவுச்சீட்டு எடுக்கப் போனேன்.
அஞ்சாவது வரி, இனம்.
அம்மா இந்த ஊர். அப்பா பெலாருஸ்.
குமாஸ்தாவும் இதையேதான் சொன்னாள்,
ரெண்டுல ஒண்ணு.
வெளியே பேருந்து உறுமிக்கிட்டிருந்தது.
விட்டால் மறுநாள்தான்.
எந்த வார்த்தை சின்னதோ அதைச் சொன்னேன்."

எந்த மொழியில் சின்னது என்று
நான் கேட்கவில்லை.

அவன் முப்பத்தெட்டாவதன் பூவைப் பிடுங்கி
அடிக்குழலை உறிஞ்சினான்.
"எறும்பு," என்று துப்பினான்.

தலைவர் இருபதுக்குக் கீழே கேட்டிருந்தார்.
கலியோப்சிஸ், முப்பத்தெட்டு என்று போட்டேன்.
இனப்பெயர்க் கட்டத்தில் முப்பத்தேழுக்கு எழுதி
ஒன்றுக்குக் கோடிழுத்தேன்.
கோடு கொஞ்சம் நீண்டு
பக்கத்துக் கட்டத்திலும் ஏறிவிட்டது.

சட்டத்தைத் தூக்கியதும்
எது உள்ளே இருந்தது, எது வெளியே,
இருவருக்குமே தெரியவில்லை.
டிராக்டர் இரண்டு முறை இருமிக் கிளம்பியது.

இரவு பத்துக்கும் சன்னலில் வெளிச்சம்.
கட்டைவிரலில் ஏதோ நெருடுகிறது.
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்,
முள் மட்டும் கண்ணில் படவில்லை.